புறக்கடையில் நிற்கும் புலவர்கள்

நம் நாட்டுத் தமிழிலக்கிய வரலாற்றை எழுதியோர் பலர். பட்டியலிட்டோர் அவரினும் பலர். தோட்டப்புறத்துக் கும்மிப் பாட்டு முதல் நேற்று வெளியான ஹைக்கூத் தொகுதி வரை அவர்தம் வலையில் அகப்படாதது இல்லை என்று பெருமை பேசுவதுண்டு. ஆயினும், 2006ஆம் ஆண்டு யோகி பி, எம்சி ஜெஸ், டாக்டர் பர்ன் ஆகிய மூவரும் 'நட்சத்ரா' என்னும் பெயரோடு இணைந்து வெளியிட்ட 'வல்லவன்' என்ற சொல்லிசைத் தொகுப்பைக் குறித்து, நான் புரட்டிய வரலாற்று நூல்களிலும் ஆய்வரங்க மலர்களிலும் ஒரு பத்திகூடக் காணக் கிடைக்கவில்லை. ஏறத்தாழ இருபதாண்டுகள் கடந்துவிட்டன. இந்த மௌனத்திற்கு மறதி என்று பெயரிட என் மனம் ஒப்பவில்லை. பத்து ஆண்டு மௌனத்தை மறதி எனலாம். இருபது ஆண்டு மௌனம் தீர்ப்பாகும்.

அத்தீர்ப்பு தவறானது என்பதே இக்கட்டுரையின் வழக்கு.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் தீர்ப்பு வழங்கியோரிற் பலர் வழக்கின் செய்தியையே அறியார். சொல்லிசை, அதாவது ராப், நம் மண்ணுக்குத் தமிழ்த் திரைப்படத்தின் வழியாக வந்ததன்று. 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் நியூயார்க்கின் பிராங்க்ஸ் வட்டாரத்தில், கூல் ஹெர்க் என்பார் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடத்திய விருந்தினை அக்கலையின் பிறந்தநாளாகக் கொள்வது மரபு. அவரோ ஜமாய்க்காவிலிருந்து குடிபெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளை. கப்பலேறி வந்தோரின் பிள்ளைகள், தங்களைக் கண்டுகொள்ளாத நகரில், தங்களிடமிருந்த பழைய இசைத்தட்டுகளையும் வாயில் இருந்த சொல்லையும் கொண்டு ஆக்கிய கலை அது. இவ்வரலாறு நமக்கு அயலானதா? பால்மரக் காட்டிலிருந்து பெயர்த்தெறியப்பட்டு, புறம்போக்குக் குடிசைகளிலும் பின்னர் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் வந்தொதுங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் அக்கலையைக் கேட்டவுடன் தமதென்று பற்றிக்கொண்டதில் வியப்பில்லை.

1998ஆம் ஆண்டு 'பொயட்டிக் அம்மோ' என்னும் குழுவினர் 'இட்ஸ் எ நைஸ் டே டு டை' என்ற தொகுப்பை வெளியிட்டனர். அதே யோகி பி அக்குழுவின் தூண்களுள் ஒருவர். ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டோனீஸ் ஆகிய நான்கு மொழிகளும் அத்தொகுப்பில் ஒலித்தன. நம் நாட்டின் பல்லின இயல்பைப் பற்றி மேடைதோறும் உரையாற்றுவோர் எத்தனையோ பேர். அதனை ஒரே ஒலித்தட்டிற்குள் வாழ்ந்து காட்டியவர் இந்த இளைஞர்கள். அதற்கு எட்டாண்டுகள் கழித்து வந்த 'வல்லவன்' தமிழையே தன் முதன்மை மொழியாகக் கொண்டது. எந்தத் திரைப்படத்தையும் சாராமல், எந்த நடிகரின் நிழலையும் நாடாமல், நம் ஊர்த் தமிழ்ப்பேச்சைச் சுமந்துகொண்டு அது தமிழகம் வரை சென்றது. அங்குள்ள இளைஞர் கூட்டம் தமிழில் சொல்லிசை பாடலாம் என்ற துணிவைப் பெற்றதில் கோலாலம்பூருக்குப் பெரும் பங்குண்டு. ஒரு நூற்றாண்டுக் காலமாக நூலும் இதழும் பாட்டும் படமும் சென்னையிலிருந்து இங்கே இறக்குமதியாயின. இங்கிருந்து அங்கே ஏற்றுமதியான இலக்கிய வடிவம் எது என்று கேட்டால், நம் வரலாற்று நூல்கள் விரல் விட்டு எண்ணவும் தயங்கும். விடை கைக்கெட்டும் தொலைவில் கிடந்தும் எடுத்துச் சொல்ல ஆளில்லை.

இனி, எதிர்வாதங்களுக்கு வருவோம். "பாட்டு வேறு, இலக்கியம் வேறு" என்பார் முதல்வர். இவர்களுக்கு விடை கூற நான் தேவையில்லை. 1893ஆம் ஆண்டே விடை கூறிவிட்டது. சிங்கையில் அவ்வாண்டு இரங்கசாமி தாசன் என்பார் 'குதிரைப் பந்தய லாவணி' என்றொரு நூலை வெளியிட்டார். சதாசிவ பண்டிதர் 1887இல் 'சிங்கை நகர் அந்தாதி' பாடிய அதே ஊரில், ஆறே ஆண்டுகளில், கோயில் வாசலை விட்டுப் பந்தயத் திடலுக்கு இறங்கி வந்த நூல் இது. லாவணி என்பது யாது? தஞ்சை மராட்டியர் வழியே தமிழுக்கு வந்து, டேப்பு அடித்துத் தெருவில் பாடப்பட்ட வடிவம். காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும், எரியவில்லை என்று மறுகட்சியும் இரவு முழுவதும் பாட்டாலேயே வழக்காடுவர். எதிராளி எறிந்த கேள்விக்கு அந்த இடத்திலேயே, அந்தத் தாளத்திலேயே, அவன் வாயடைக்கும்படி விடை பாட வேண்டும். கூட்டத்தின் ஆரவாரமே நடுவர். இன்று நம் நகர்களில் இரு சொல்லிசைக் கலைஞர் எதிரெதிர் நின்று மோதுவதைக் கண்டு முகஞ்சுளிப்போர், எரிந்த கட்சி எரியாத கட்சியைக் குறித்து முனைவர்ப் பட்ட ஆய்வேடு வந்தால் முன்னுரை எழுதிக் கொடுப்பர். அந்த லாவணி நூலை இன்று இப்பகுதியின் தொடக்ககாலத் தமிழிலக்கியச் செல்வம் என்று போற்றாத வரலாற்றாசிரியர் இல்லை. நூற்று முப்பது ஆண்டு பழமை ஏறினால்தான் தெருப்பாட்டு இலக்கியமாகும் போலும்!

"கொச்சை மொழி; ஆங்கிலமும் மலாயும் கலந்த கலப்படம்" என்பது இரண்டாம் குற்றச்சாட்டு. தொல்காப்பியர் செய்யுளியலில் எண்வகை வனப்புகளைக் கூறுமிடத்தில் 'புலன்' என்றொரு வனப்பைக் குறிப்பிடுகிறார். சேரியில் வழங்கும் மொழியால், ஆராய்ந்து பொருள் தேட வேண்டாதபடி, கருதியது தானே தோன்றுமாறு பாடுவதே அது. அதற்கு அண்டையிலேயே 'விருந்து' என்றொரு வனப்பையும் வைத்தார். புதிதாக வந்த யாப்பினை அது குறிக்கும். சேரிமொழிக்கும் புதுவடிவத்திற்கும் இருக்கை போட்டு வைத்தவர் தமிழின் மூத்த இலக்கண ஆசிரியர். அவர் பெயரால் சங்கம் வைத்திருக்கும் நாமோ அவ்விரு இருக்கைகளையும் மடித்துப் பரணில் போட்டுவிட்டோம். மேலும், கலப்பைப் பற்றிப் பேச நமக்கு என்ன உரிமை? கித்தாவும் கிராணியும் மண்டோரும் தவுக்கேயும் இல்லாமல் நம் மூத்த எழுத்தாளரின் தோட்டத்துச் சிறுகதைகள் நின்றிருக்குமா? அச்சொற்களை நாம் 'மண்வாசனை' என்றோம். அடுக்குமாடியில் வளர்ந்த பையன் தன் மண்ணின் சொற்களைப் பாடினால் 'மொழிக்கொலை' என்கிறோம். லயத்து மண்ணுக்கு வாசனை உண்டு, சிமெண்டுத் தரைக்கு இல்லை என்பது எந்த இலக்கணம்?

கலை நுட்பம் இல்லை என்பாரும் உளர். இவ்விடத்தில் சற்று நின்று பேச விரும்புகிறேன்; ஏனெனில் இக்கலையை இகழ்வோர் மட்டுமின்றி, புகழ்வோரும் கவனிக்கத் தவறிய இடம் இது. ஆங்கிலம் சொல்லின் அழுத்தத்தால் நடக்கும் மொழி. அதன் சொல்லிசை, அழுத்தம் விழும் அசையைத் தாளத்தின் அடிமேல் இருத்திக்கொண்டு ஓடுகிறது. தமிழுக்கு அத்தகைய அழுத்தம் இல்லை. தமிழ் மாத்திரையால் நடப்பது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ஆகவே ஆங்கிலச் சொல்லிசையின் நடையை அப்படியே பெயர்த்துத் தமிழில் பாடுபவன் வழுக்கி விழுவான். இன்றும் பலர் விழுகின்றனர். விழாதவர் என்ன செய்கிறார்? தாளத்தின் அடி விழுமிடத்தில் வல்லின ஒற்றை நிறுத்துகிறார். க், ச், ட், த், ப், ற் என்னும் ஒற்றுகள் இரட்டித்து மோதும்போது முழவின் அடியும் சொல்லின் அடியும் ஒன்றாகின்றன. அடுத்து, இயைபுத் தொடை. ஆங்கிலத்தில் அடியிறுதி ஒலியொப்புமை உழைப்பால் வருவது. தமிழிலோ வினைமுற்று விகுதிகள் ஒன்றுபோலிருப்பதால் அது விலையின்றிக் கிடைக்கும். விலையின்றிக் கிடைப்பதால் மதிப்பும் இல்லை. எனவே நல்ல தமிழ்ச் சொல்லிசையாளன் ஒலியொப்புமையை அடியின் தலைக்குக் கொண்டு வருகிறான். அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் எதுகை, மோனை. அவன் யாப்பருங்கலக் காரிகையைப் படித்துவிட்டு இதனைச் செய்யவில்லை; தமிழின் எலும்பமைப்பு அவனை அங்கே இட்டுச் சென்றது.

தொல்காப்பியர் கூறும் இருபது வண்ணங்களுள் வல்லிசை வண்ணம் ஒன்று, உருட்டு வண்ணம் ஒன்று, முடுகு வண்ணம் ஒன்று. வல்லெழுத்து மிகுவதும், ஓசை உருண்டோடுவதும், விரைந்து முடுகுவதும் இவற்றின் இலக்கணம். அருணகிரிநாதரின் சந்தங்களில் இவற்றைக் கேட்டு உருகுவோர், அதே முடுகு ஓசை ஒரு பேட்டை இளைஞனின் வாயிலிருந்து வரும்போது 'கூச்சல்' என்கின்றனர். இருவரும் ஒரே தரத்தினர் என்று நான் கூறவில்லை. அப்படிக் கூறுபவன் செவியற்றவன். இருவரும் ஒரே கருவியை ஏந்தியவர்கள் என்றே கூறுகிறேன். கருவியை அடையாளம் காணக்கூடத் தெரியாத திறனாய்வு, தரத்தை எவ்வாறு நிறுக்கும்?

"இரவல் மெட்டு" என்று சொல்வோருக்கு ஒரு சொல். 'வல்லவன்' தொகுப்பில் புகழ் பெற்ற 'மடை திறந்து' என்னும் பாடல், 1980ஆம் ஆண்டு வெளிவந்த 'நிழல்கள்' திரைப்படத்திற்கு வாலி எழுதி இளையராஜா இசையமைத்து எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய பாடலின்மேல் கட்டப்பட்டது உண்மையே. பிறர் உழைப்பை எடுத்தாள்வோர் இசைவு பெற வேண்டும், உரிய பொருளும் தர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அது நேர்மையைப் பற்றிய கேள்வி; கலையைப் பற்றிய கேள்வி வேறு. நம் பாட்டன்மார் வாங்கிப் படித்த காலணாப் பாட்டுப் புத்தகங்களைப் பார்த்தவர்கள் அறிவர்: ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் இன்ன பாட்டின் மெட்டு என்று அச்சிட்டிருப்பர். மக்கள் அறிந்த மெட்டில் மக்கள் அறியாத செய்தியை ஏற்றுவது நம் பாட்டு மரபின் பழைய வழக்கு. காவடிச்சிந்தின் மெட்டைப் பாரதி எடுத்துக்கொண்டபோது அவனை இரவலன் என்றவர் உண்டா?

தற்புகழ்ச்சி என்னும் குற்றச்சாட்டை விரைவாகக் கடந்துவிடலாம். சொல்லிசையாளன் தன் பெயரைத் தானே பாட்டில் சொல்லி, தன்னை வல்லவன் என்கிறான். அவையடக்கம் இல்லை என்கின்றனர். திருஞானசம்பந்தர் பதிகந்தோறும் கடைசிப் பாட்டில் தம் பெயரையும் ஊரையும் தம் தமிழின் சிறப்பையும் பதித்துச் சென்றார். பெயரில்லாப் பிள்ளைகள் வாழும் இடத்தில், தன் பெயரைத் தானே உரக்கச் சொல்வது செருக்காகாது.

நிற்க. மெய்யாகவே கனமான குற்றச்சாட்டு ஒன்று உண்டு. அதை நான் ஒதுக்கிவிட்டுச் செல்லின் இக்கட்டுரை வழக்கறிஞர் வாதமாகிவிடும். இக்கலையின் பெயரால் வெளிவரும் பாட்டுகளுள் கணிசமானவை வெட்டையும் குத்தையும் வீரமென்று பாடுகின்றன. குண்டர் கும்பலை உறவென்று பாடுகின்றன. பெண்ணை ஏசுவதே ஆண்மை என்று பாடுகின்றன. 2013ஆம் ஆண்டு உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களைப் பகிரங்கமாக வெளியிட்டபோது, அவற்றில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணித் தலைகுனியாத தமிழ்ப் பெற்றோர் இல்லை. அந்தப் படுகுழிக்குத் தாளம் போடுகிற பாட்டை நான் ஒருபோதும் காக்க மாட்டேன். அது கெட்ட பாட்டு. கெட்ட பாட்டு என்று உரக்கச் சொல்லப்பட வேண்டும்.

ஆனால் யார் சொல்வது? இங்குதான் நம் குற்றம் தொடங்குகிறது. ஒரு சிறுகதை ஆசிரியன் வன்முறையைப் போற்றி எழுதினால், அடுத்த மாதக் கலந்துரையாடலில் அவனை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறோம். நல்லது கெட்டது பிரித்துக் காட்டுகிறோம். அவன் சினங்கொண்டாலும் அடுத்த கதையில் சற்றே திருந்துகிறான். சொல்லிசைப் பையனுக்கு அத்தகைய அவை எங்கே இருக்கிறது? அவன் பாட்டை எத்தனை பேர் பார்த்தனர் என்று காட்டும் எண் ஒன்றே அவனுக்குத் திறனாய்வு. அந்த எண்ணுக்கு நீதி தெரியாது. இரத்தம் சிந்தினால் கூடும், சிந்தாவிட்டால் குறையும். தோட்டம் இழந்த தகப்பனைப் பற்றி, போதையில் செத்த நண்பனைப் பற்றி, தமிழ்ப்பள்ளியில் தன்னைப் படிக்க வைத்த ஆசிரியையைப் பற்றிப் பாடியவனும், அரிவாளைப் பற்றிப் பாடியவனும் நம் முன் வந்து நின்றால், இருவரையும் 'ராப் பாடுகிறவர்கள்' என்று ஒரே சொல்லால் அள்ளித் தள்ளிவிடுகிறோம். வேறுபாடு காணப்படாத இடத்தில் நல்லவன் எதற்காக நல்லவனாக இருப்பான்? நாம் கைவிட்ட அவையில் கும்பல் தலைவன் நாற்காலி போட்டு அமர்ந்துகொண்டான். பின்னர் அவனைப் பார்த்து, 'ஐயோ, இக்கலை சீரழிந்ததே' என்று புலம்புகிறோம்.

இன்னொரு வகையினரும் இருக்கின்றனர். இவர்கள் சொல்லிசையை வெறுப்பவர்கள் அல்லர். சென்னை முத்திரை குத்திய பிறகு விரும்புபவர்கள். 2007இல் 'பொல்லாதவன்' படத்தில் யோகி பியின் குரல் ஒலித்ததும் 'நம்ம ஊர்ப் பையன்' என்று பூரித்தனர். அப்பாடல் 1979இல் வந்த 'நினைத்தாலே இனிக்கும்' படப்பாடலின் மறுவடிவம். அப்படமோ சிங்கப்பூரில் படமாக்கப்பட்டது. இங்கே எடுத்ததை அங்கே கொண்டுபோய், இங்குள்ளவனைக் கொண்டே மீண்டும் பாட வைத்து, இங்கே அனுப்பினர்; நாம் நுழைவுச்சீட்டு வாங்கினோம். 2010இல் 'எந்திரன்' வந்தபோது சிங்கப்பூர்த் தமிழ்ப்பெண் லேடி காஷைப் பற்றியும், 2018இல் 'காலா' வந்தபோது மீண்டும் யோகி பியைப் பற்றியும் இதே பூரிப்பு. ஆனால் அதே கலைஞர் இங்கே தம் கைப்பணத்தைப் போட்டு, திரைப்படம் எதையும் சாராமல் ஒரு தொகுப்பை வெளியிட்டால் வாங்குவார் யார்? நம் தமிழ் வானொலிகளைத் திருப்பினால் பெரும்பொழுதும் கேட்பது தமிழகத் திரைப்பாட்டே. இந்த அடிமைக் குணத்தை எதிர்த்துத்தான் நம் எழுத்தாளர் முன்னோர் 'இம்மண்ணின் இலக்கியம்' என்று முழங்கினர். சிறுகதையில் அம்முழக்கத்தை வென்றெடுத்தோம். பாட்டில் இன்னும் சென்னையின் கடைக்கண் பார்வைக்குக் காத்திருக்கிறோம்.

நம் மரபுக் கவிஞர் பெருமக்களுக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். 1964ஆம் ஆண்டு சி. கமலநாதன் இந்நாட்டில் புதுக்கவிதையைத் தொடங்கி வைத்தபோது, அது கவிதையே அன்று என்று எழுந்த எதிர்ப்பு கொஞ்ச நஞ்சமன்று. யாப்பு செத்தது, தமிழ் செத்தது என்றனர். இன்று புதுக்கவிதைக்குப் பரிசு உண்டு, போட்டி உண்டு, பாடநூலில் இடமுண்டு. அன்று வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் மாணவர்களே இன்று வாயிற்காவலர்களாக நிற்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. உலகம் எங்கோ போய்விட்டது. 2018ஆம் ஆண்டு அமெரிக்காவில் இசைக்கான புலிட்சர் பரிசு கென்ட்ரிக் லாமர் என்னும் சொல்லிசைக் கலைஞரின் தொகுப்பிற்கு வழங்கப்பட்டது. அமெரிக்கர் செய்ததையெல்லாம் நாமும் செய்ய வேண்டும் என்பதன்று என் கருத்து. தொல்காப்பியர் வழியில் போனாலும் இதே இடத்திற்குத்தான் வந்து சேருவோம்.

செய்ய வேண்டுவன பெரியன அல்ல. பாட்டின் சொற்களைத் தாளில் எழுதச் சொல்லி வாங்குவது முதல் வேலை. தோட்டப்புறப் பாடல்களில் நாம் இழந்தவை எத்தனை என்பதை எவரும் கணக்கிட இயலாது; பாடிய பாட்டிமார் இறந்த பின்னரே ஒலிப்பதிவுக் கருவியோடு ஓடினோம். இந்த இளைஞர்களின் முதல் தலைமுறைப் பாட்டுகளுக்கும் அதே கதி நேர்ந்துகொண்டிருக்கிறது. ஒலிநாடாவில் இருந்தவை நைந்தன. குறுந்தட்டில் இருந்தவை கீறல் விழுந்தன. இணையத்தில் இட்டவை கணக்கு மூடப்பட்டதும் மறைந்தன. 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம் அச்சு நூல்களோடு அச்சிடப்படாத பொருள்களையும் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வழி செய்திருக்கிறது. தம் நூலை ஒப்படைக்கும் படிவத்தை நிரப்பத் தெரிந்த சங்கத்துச் செயலாளர், அந்தப் பையனுக்கும் ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுக்கலாம். அரை மணி நேரத்து வேலை.

அடுத்து, ஆண்டுதோறும் நாம் நடத்தும் கவிதைப் பயிலரங்குகளில் ஒரேயொரு அமர்வை அவர்களுக்குத் திறந்து விடுவது. பாராட்டிப் பொன்னாடை போர்த்துவதற்காக அழைக்க வேண்டாம். அவர்களிடம் போர்வைக்குக் குறைவில்லை. அவர்களுடைய வரிகளைக் கரும்பலகையில் எழுதி, இந்த எதுகை ஏன் நின்றது, இந்த இயைபு ஏன் மலிந்தது, இந்த அரிவாள் இங்கே எதற்கு என்று கேட்பதற்காக அழைக்க வேண்டும். அவர்களும் நம்மைக் கேட்பர்: உங்கள் கவிதையைக் கேட்க ஏன் முப்பது பேர் வருகின்றனர், அவர்களுள் இருபத்தைந்து பேர் ஏன் அறுபது வயதைக் கடந்தவர்கள் என்று. அந்தக் கேள்விக்கு விடையாக நம்மிடம் என்ன இருக்கிறது என்பதை அந்த அமர்வுக்கு முன் செயற்குழு கூடி முடிவு செய்துகொள்வது நலம்.